ஜன்னல் இல்லாத அறை

அப்பா தூங்கிவிட்டார் என்று உறுதியானதும், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சித்திக்கு அவள் போன் செய்தாள்.

“சித்தி, அந்த பால்கனி ரூம் வேணாம். ஜன்னலே இல்லாத உள் ரூமா மாத்திடுங்க.”

“ஏன்டி? அஞ்சு நாளும் கடலைப் பார்க்காம சுவத்தையா பார்க்கப் போறீங்க?”

“அம்மா போனதுலேர்ந்து அப்பா சரியாவே இல்ல சித்தி. ராத்திரியில எழுந்து போய்த் தெருவுல தனியா நடக்கறாரு. திரும்பி வர்ற வரைக்கும் மொட்டை மாடியில நின்னு எட்டி எட்டிப் பார்க்கறேன். பால்கனிக் கம்பி இடுப்பளவுதான், கீழ கடல். நான் அசந்து தூங்கிட்டா?”





“காலையிலேயே மாத்தியாச்சுடி. உங்கப்பாதான் மாத்தச் சொன்னாரு.”

“அப்பாவா? ஏன்?”

“‘பொண்ணு தினமும் மொட்டை மாடியிலேர்ந்து கீழயே பார்த்துக்கிட்டு நிக்கறா. என்ன கேக்கறதுன்னு தெரியாம, அவ இறங்கற வரைக்கும் தெருவுலயே நடந்துக்கிட்டிருக்கேன்’னு அழுதாருடி.”

அவள் குழாயை மூடினாள். கதவுக்கு வெளியே அப்பாவின் செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது.