ஆறாவது மீட்டர்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மீட்டர்கள் வாய் திறந்து பேசுகிற காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

பால் பண்ணைக் குழாய்களில் ஓடும் பாலை அளக்கும் மீட்டர்களைச் சோதிப்பது சற்குணத்தின் வேலை. வால்வை மூடிப் பால் அசையாமல் நின்றால் மீட்டர் பூஜ்யம் சொல்ல வேண்டும். கேன்டீனுக்குப் போகும் ஒரே குழாயில் வரிசையாக இருந்த ஆறில் ஐந்து மீட்டர்கள், "நீங்க சொன்னா பூஜ்யந்தாங்க்கா" என்று குழைந்தன. ஆறாவது மட்டும், "ஓடுது" என்றது.

"வால்வை மூடியாச்சுடா!"

"மூடுனது நீ. ஓடுறது பாலு. நான் என்ன பண்ண?"

மேலாளர் தேவநேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதிர்த்துப் பேசுற மீட்டர் நமக்கெதுக்கு? கழட்டி பழைய இரும்புக்குப் போடும்மா. முடியலைன்னா நீயும் அதோட கிளம்பு."

சற்குணம் ஸ்பேனரை எடுத்தாள். நாலு வருஷத்தில் ஒருநாளும் பொய் சொல்லாத மீட்டரைக் கழட்ட மனசு வரவில்லை.

"சார், குழாய் போய் முடியிற கேன்டீனை மட்டும் ஒருதடவை பாத்துடுங்க. அப்புறம் கழட்டுறேன்."

முணுமுணுத்தபடி போய்க் கதவைத் திறந்தார் தேவநேசன். தேய்ந்த வால்வு வழியே கசிந்த பால் அவருடைய ஷூவுக்குள் புகுந்தது. அவர் மீட்டரிடம் திரும்பி வர, ஷூவை நக்கிக்கொண்டு பின்னாலேயே மூன்று பூனைகள் வந்தன.

"சார், இப்ப பூஜ்யம்னு சொல்லட்டுமா?" என்று கேட்டது ஆறாவது மீட்டர்.

ஈரக்காலோடு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "சற்குணம், அந்த அஞ்சையும் கழட்டும்மா."

உங்கள் வீட்டில் பால் குறையாமல் இருக்கட்டும் கண்ணுகளா. உங்கள் முகத்தைப் பார்த்து "ஓடுது" என்று சொல்ல ஓர் ஆளும் நூறாண்டு இருக்கட்டும்.