இருபத்து மூன்றாம் லைன்

நோயாளிகள் படுக்கையிலிருந்து நர்ஸைக் கூப்பிட அழுத்தும் பெட்டி அது. பொத்தான் எந்த லைனில் இருக்கிறது என்று சிப்புக்குச் சொல்லும் பழைய போர்டின் இன்டரப்ட் அட்டவணையைப் புதிய போர்டுக்கு அப்படியே காப்பியடித்துவிட்டதால் காலையில் பொத்தான் வேலை செய்யவில்லை. இன்ஜினியர் பெனசீர் பொத்தானை இருபத்து மூன்றாம் லைனிலிருந்து பதினேழுக்கு மாற்றி, மென்பொருள் இமேஜைப் போர்டில் மறுபடி ஏற்றினாள். இப்போது ஒவ்வொரு அழுத்தலுக்கும் திரையில் பதினேழுக்கு நேரே எண்ணிக்கை ஒன்று கூடியது. சரிதான். ஆனால் இப்போது எதற்கும் ஒதுக்காத இருபத்து மூன்றின் எண்ணிக்கையும் தானாகக் கூடிக்கொண்டிருந்தது. பொத்தானின் வயர்களைப் பிடுங்கினாள். பொத்தானையே கழற்றி மேசைமேல் வைத்தாள். நாற்பது என்றிருந்தது நாற்பத்திரண்டானது.

"போர்டுல ஏதாவது கரன்ட் நாய்ஸா இருக்கும்மா," என்றார் மேலாளர் ஜெயசீலன். "அந்த லைன மாஸ்க் பண்ணிடு. அப்புறம் சிப் அத கண்டுக்காது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில மாட்டியாகணும்."

"நாய்ஸ்னா கன்னாபின்னான்னு வரும் சார். இது ரெண்டு தடவ வருது. கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு மறுபடி ரெண்டு தடவ. யாரோ அழுத்துற மாதிரியே இருக்கு."

"எதுலம்மா அழுத்துறது? பொத்தான்தான் உங்கிட்ட இருக்கே."

பெனசீர் அந்த லைனை அடைக்கும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினாள். எண் நாற்பத்தேழில் நின்றது.

ஜெயசீலன் பெட்டியைப் பேக் செய்ய ஆளைக் கூப்பிட்டார். பெனசீர், ஜோடியில் இன்னும் ஒன்று வரவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.