ஊதா ஸ்டிக்கர்

ஊதா ஸ்டிக்கர் ஒட்டிய ரத்தம் மறுபடியும் ஒளிர்ந்தது.

ஒளிரக் கூடாது.

"பாத்தீங்களா மேடம், போன வாரமும் இதே கூத்துதான்" என்றான் பிரிட்டோ. அவளிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவன். தப்பு தன்மேல் இல்லை என்று நிரூபணமான நிம்மதி அவன் குரலில் தெரிந்தது.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடக்குவாதம் வந்தவர்களின் ரத்தத்தில், உடம்பைக் காவல் காக்க வேண்டிய செல்கள் திருடனே வராதபோதும் கம்பைச் சுழற்றும். சொந்த மூட்டுகளையே போட்டு அடிக்கும். சாயம் சேர்த்தால் அந்த வெறி பிடித்த செல்கள் மட்டும் ஒளிரும். அவற்றை அடக்க ஒரு மருந்து தேடித்தான் அவள் தலையில் பாதி நரைத்தது. ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்து, கழித்துக்கட்டியது போக ஒன்றே ஒன்று தேறியிருந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அறுபத்தொன்று என்பார்கள்.

நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? ஆய்வகத்து ஆட்களே ரத்தம் கொடுக்கும் டோனர்களாகச் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருவார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ்.

எது யாருடைய ரத்தம் என்று சோதிப்பவனுக்குத் தெரியக் கூடாது. கொடுத்தவர் பெயரை மறைத்து நர்ஸ் கலர் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். கறாரான விதி. விதியைப் போட்டவளே அவள்தான்.

பொங்கல் விடுமுறையில் மாணவர் விடுதி காலியாகக் கிடந்தது. கைக்கு அகப்பட்டவர்கள் மூன்றே பேர். வாட்ச்மேன், அலுவலகத்து ஷகிலா, அப்புறம் அவள்.

நர்ஸ் ஸ்டிக்கர் ஒட்டும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

திருப்பவில்லை.

முதல் தடவை ஊதா ஒளிர்ந்தபோது பிரிட்டோவைத்தான் காய்ச்சி எடுத்தாள். குழாயைப் போட்டுக் குலுக்கியிருப்பாய். மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய். சாயம் பழசாக இருக்கும். பிடிக்காத முடிவு வந்தால் சாக்கு கண்டுபிடிப்பதில் விஞ்ஞானிகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாவம், அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

புதுச் சாயம் வந்தது. மூன்று பேரும் மறுபடி கையை நீட்டினார்கள். அவரவர் நிறத்திலேயே ஸ்டிக்கர். இந்த முறை அவள் கூடவே நின்று பார்த்தாள். எங்காவது ஒரு சின்னத் தப்பாவது செய்ய மாட்டானா என்று இருந்தது.

செய்யவில்லை. பையன் அத்தனை அழகாகச் செய்தான்.

"ஒரு டோனர்தானே மேடம், தூக்கிடலாமா? கிராஃப் சுத்தமாயிடும்."

தூக்கிவிடலாம்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊதா என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது.

அன்று காலையில் பேஸ்ட் மூடியைத் திறக்க அவள் விரல்கள் மடங்கவில்லை. ஒரு மாதமாகவே அப்படித்தான். குளிர் என்று நினைத்துக்கொண்டாள். சென்னையில் என்ன பெரிய குளிர்!

"அறுபத்தொண்ணு போட்டுப் பாரு" என்றாள்.

"இதுக்கு எதுக்கு மேடம்? இது ஹெல்தி டோனராச்சே."

"போடுப்பா."

போட்டான். மருந்து உள்ளே இறங்கக் கொஞ்ச நேரமாகும். அவன் கேன்டீனுக்குப் போய்விட்டு வந்தான். அவளுக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தான். டீ ஆறி ஏடு கட்டியது. அவள் விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

ஒளி அடங்கினால் அது நோய்தான்; அடங்காவிட்டால் வேறு ஏதோ கோளாறு. தன் மருந்து வேலை செய்யக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

திரையில் புள்ளிகள் வந்து விழ ஆரம்பித்தன. ஒன்று, பத்து, நூறு. எல்லாமே, ஒளிராத செல்கள் விழும் கீழ்ப்பகுதியிலேயே விழுந்தன. ஒளி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"ஐயோ மேடம்! அப்படியே அடங்கிடுச்சு!" பிரிட்டோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டான். "பேஷண்ட் ரத்தம் மாதிரியே! பேஷண்ட்லகூட இவ்ளோ சுத்தமா வந்ததில்ல மேடம்!"

உண்மைதான். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல முடிவு வந்ததே இல்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அறுபத்தொன்று மாத்திரையாகிக் கடைக்கு வர இன்னும் எத்தனை வருடமோ. வராமலே போனாலும் போகும்.

துள்ளல் அடங்கியதும் அவன் முகம் மெல்ல மாறியது. நல்ல பிள்ளை.

"மேடம்... அப்ப அந்த ஆளுக்கு நோவு ஆரம்பிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? ஐயோ பாவம், நல்லா இருக்கோம்னு நெனச்சு ரத்தம் குடுத்திருக்காங்க. யாராவது அவங்ககிட்ட சொல்லணும்ல?"

"சொல்லியாச்சு."

"அப்படியா? யாரு மேடம் சொன்னது?"

அவள் ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தாள்.

"நீதாம்ப்பா. இப்பத்தான்."