கழுத்தில் தேய்ந்த ரோமம்

“ரோட்டுல அடிபட்டுக் கெடந்துச்சுன்னு சொன்னேனே மெர்வின். எத்தன தடவ கேப்ப?”

எங்கள் தெருக்காரர் லோவெல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் காரேஜின் குழல்விளக்கைப் போட்டுவிட்டு, அவர் கொண்டுவந்து மேசைமேல் போட்டிருந்த ரக்கூன் தோலை மறுபடி எடுத்தேன்.

வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். விடுமுறை நாட்களில் தோல் பதனிடுகிறேன். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக. வாபாஷ் ஆற்றங்கரையில் வருஷாவருஷம் நடக்கும் ரோமத்தோல் காட்சியில் என்னைத்தான் நடுவராக உட்கார வைப்பார்கள். அதனால் ஒரு தோலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

ரோமத்தை வாயால் ஊதினேன்.

காட்டில் திரியும் ரக்கூனின் ஜனவரி மாதத் தோல் என்றால், எவ்வளவு ஊதினாலும் தோல் தெரியக் கூடாது. அடி ரோமம் பஞ்சுபோல மூடி நிற்கும். இதில் ஒரே ஊதலில் தோல் தெரிந்தது.

இந்தக் குளிரில் ஒரு நாள்கூட வெளியே படுக்காத ரோமம்.

உள்பக்கம் திருப்பினேன். வண்டி மோதியிருந்தால் எங்காவது ரத்தம் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. குண்டு துளைத்த ஓட்டை இல்லை. பொறி கடித்த தடமும் இல்லை.

ஒரு கத்திக் கீறல்கூட இல்லை. வருஷக்கணக்காக உரிப்பவர்களே எங்காவது ஓர் இடத்தில் கிழித்துவிடுவார்கள்.

ரோட்டில் பொறுக்கியதை இவ்வளவு பொறுமையாக யார் உரிப்பார்கள்?

“காட்சியில பரிசா கேட்டேன்? மட்டமான தோல்னு எனக்கே தெரியும்ப்பா,” என்றார் லோவெல். “பதம் பண்ணிக் குடு, போதும்.”

அதுவும் சீக்கிரம் வேண்டுமாம். வயிற்றைக் கீறிவிடாமல், சட்டைக் கை மாதிரி முழுசாக வேண்டுமாம். அப்படி வைத்தால் சுவரில் விரித்து மாட்ட முடியாதே என்றேன். சுவருக்கு இல்லை என்றார். வேறு எதற்கு என்றதற்குப் பனிக்காலணியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கட்டைவிரல் கழுத்தருகே நின்றது.

அங்கே ரோமம் ஒடிந்து, வட்டமாகத் தேய்ந்திருந்தது. நாய்களின் கழுத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். பல காலம் பட்டை கட்டியிருந்த இடம்.

தீவனக் கடைப் பலகையில் ஒரு தாள் இன்னும் தொங்குகிறது. ட்ரோயர் வீட்டுப் பெண் தன் கையால் வரைந்தது. காணாமல் போன வளர்ப்பு ரக்கூன், சிவப்புக் கழுத்துப்பட்டை. அவள் என் பேருந்தில்தான் வருகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக சாலையோரப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டு வருவாள்.

தோலைக் கீழே வைத்தேன்.

“இது ட்ரோயர் பொண்ணோடதுதானே? உண்மையச் சொல்லுங்க லோவெல். இல்லாட்டி நான் வனவிலங்குத் துறைக்குப் போன் போட வேண்டியிருக்கும்.”

அவர் கோபப்படவில்லை. உப்பு மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

“அவளோடது குட்டிப்பா. இது பல்லு கொட்டின கெழடு,” என்றார். “வெல்டாவோடது.”

வெல்டா அவர் மனைவி. கண் போனதிலிருந்து வெளியே வருவதில்லை. அந்த வீட்டில் ஒரு ரக்கூன் வளர்ந்தது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அனுமதிச் சீட்டு வாங்காமல் வைத்திருந்தார்களாம். தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம். பகலெல்லாம் அடுப்போரம் அவள் மடியில்தான் கிடக்குமாம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, தூக்கத்திலேயே போய்விட்டது.

அவளிடம் அவர் சொல்லவில்லை. குளிருக்கு மாடியில் சுருண்டு தூங்குகிறது என்று சொல்லி வைத்திருக்கிறார். எழுந்துவிட்டதா, எழுந்துவிட்டதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். வீட்டுக்கு வரும் நர்ஸ், பனி உருகும்வரை அவள் தாங்கமாட்டாள் என்று அவரைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறாள்.

தோலுக்குள்ளே சுடுதண்ணீர்ப் பையை வைத்துத் தைத்து, அவள் மடியில் கிடத்திவிடலாம் என்று யோசித்திருக்கிறார். தையல் அவருக்கு வரும்.

நான் தொட்டியை இழுத்துக் குழாயைத் திறந்து, சோப்புக் கரைசலை ஊற்றினேன். முதல் வேலை கழுவுவது. கொழுப்பும் வாடையும் துளிகூட இல்லாமல் போகும்வரை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பதம் ஏறாது, தோல் அழுகிவிடும்.

தோலைத் தண்ணீரில் அமிழ்த்தப் போன என் கையை அவர் பிடித்தார்.

“தடவிப் பாக்குறதுக்கு முன்னாடி அவ மோந்துதான் பாப்பா,” என்றார். “அந்த வாசனைய மட்டும் விட்டு வெக்க முடியுமா, மெர்வின்?”