ஆறாவது சுடிதார்

கடத்தப்பட்ட பிள்ளைகளின் முகங்களை நாடு முழுக்கக் கேமராக்கள் தேடிக்கொண்டிருந்தன. பிள்ளை இப்போது எப்படி இருக்கும் என்று கணித்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வீட்டுக்கு ஒரு படம் வரும். அதில் போட்டிருக்கும் உயரத்துக்கு மாரீஸ்வரி மகள் தர்ஷினிக்கு ஒரு சுடிதார் தைத்து வைப்பாள். ஐந்து சேர்ந்துவிட்டன. ஆறாவதுக்குத் துணி எடுத்து, வெட்டாமல் காத்திருந்தாள்.

இந்த வருடம் படம் வரவில்லை, கடிதம்தான் வந்தது. பதினெட்டு வயது நிரம்பிவிட்டதால் தர்ஷினியின் பெயர் குழந்தைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கேமராக்கள் இனி அவளைத் தேடாது.

துணிப்பையோடு, கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், எம்புள்ளைக்கு இன்னும் பதினேழுதான். பள்ளிக்கூடத்துல சீக்கிரமே சேர்க்கிறதுக்காக ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டோம். இன்னும் ஒரு வருசம் தேடச் சொல்லுங்க சார்."

அதிகாரி திரையைப் பார்த்தார். "பதிவுல இருக்கிறதுதாம்மா வயசு. இப்ப மாத்த முடியாது. ஏம்மா அப்படிக் கூட்டிப் போட்டீங்க?"

மாரீஸ்வரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் மில்லுக்குப் போயிட்டா வீட்டுல தனியா இருப்பா சார். யாராவது தூக்கிட்டுப் போயிருவாங்களோன்னு பயந்துதான்..."