இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்

"ஆள் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். மத்ததை நான் பேசிக்கிறேன்."

துப்பறிவாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதிரே இருந்தவரைப் பார்த்தார். லிப்ட் கம்பெனிச் சீருடை, சட்டைப்பையில் டெஸ்டர். மேசைமேல் அவர் கொண்டுவந்து வைத்த நாவல். அட்டையில் தொப்பி போட்ட தனியார் துப்பறிவாளன் ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான்.

"இதை எழுதினது நீங்களா?"

"நானேதான். இருபத்திரண்டு வருஷமா லிப்ட் மெக்கானிக்கா இருக்கேன். அதுல நாலு வருஷம் உக்காந்து எழுதினது. ஆன்லைன்ல போட்டிருக்கேன். நாப்பத்தோரு பேர் கருத்துச் சொல்லியிருக்காங்க. நாப்பது பேர் அஞ்சு நட்சத்திரம்." தோரணையாகப் போனை நீட்டினார்.

துப்பறிவாளர் படித்தார். 'கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை.' 'கொலையாளி யாரென்று கடைசி வரை பிடிபடவே இல்லை.' அவர் ஒரு வரி படிப்பதற்குள், போனைப் பார்க்காமலே மெக்கானிக் அடுத்த வரியைச் சொன்னார்.

"அத்தனையும் மனப்பாடமா?"

"நல்ல வார்த்தை மனசுல நிக்கும் இல்லையா? அதெல்லாம் விடுங்க. கடைசியைப் பாருங்க."

அதை எழுதியவர் தன் பெயரை 'ஜன்னலோர சீட்டு' என்று போட்டிருந்தார். பெயருக்குக் கீழே இதே ஊர். கொடுத்தது இரண்டு நட்சத்திரம்.

'அறுபத்திரண்டாம் பக்கத்திலேயே கொலையாளி தெரிந்துவிட்டான். துப்பறிவாளன் தன் காலிலிருக்கும் மாவுக்கட்டைச் சமையலறைக் கத்தரிக்கோலால் இரண்டே நிமிடத்தில் வெட்டிப் போட்டுவிட்டு ஓடுகிறான். எங்களுக்கு மெஷின் வைத்து அறுக்கவே பத்து நிமிடம் ஆகும். செத்தவரின் மனைவி அழவே இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. லிப்ட் வரும் இடங்கள் மட்டும் நிஜம். இரண்டு நட்சத்திரமும் அதற்குத்தான்.'

துப்பறிவாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஆளைப் பிடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

"நேருக்கு நேர் உக்காந்து பேசணும்."

"அவங்க மனசுல பட்டதை அவங்க எழுதியிருக்காங்க சார். சண்டைக்குப் போறதுன்னா இந்த வேலையை நான் தொடவே மாட்டேன்."

"சண்டையெல்லாம் இல்ல மேடம்."

சண்டைக்குப் போகிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது துப்பறிவாளரின் பதினெட்டு வருட அனுபவம்.

"அட்ரஸ் தர மாட்டேன். அவங்க சம்மதிச்சா, நான் பக்கத்துல இருக்கும்போது பேசலாம். வெள்ளிக்கிழமை போன் பண்றேன்."

"அதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்களா? பேர்கூடத் தெரியாதே."

"பாதி வழியை அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் துப்பறிவாளர்.

மாவுக்கட்டு அறுக்க 'எங்களுக்கு' பத்து நிமிடம் என்றால், அது அவர்கள் தினமும் செய்கிற வேலை. ஊரில் மாவுக்கட்டு அறை உள்ள மருத்துவமனைகள் நான்கு. தினமும் ஜன்னலோரத்தில் இடம் கிடைக்க வேண்டுமானால், பஸ் புறப்படும் இடத்திலேயே ஏற வேண்டும். வாசலிலேயே பஸ் புறப்படுகிற மருத்துவமனை ஒன்றுதான்.

அங்கே இரண்டாம் நாள் மாலை, புறப்பட நின்ற பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். செருப்பின் வாரில் வெள்ளை மாவு காய்ந்து கிடந்தது. துப்பறிவாளர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. படித்த பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, "எழுதினவரேவா?" என்றாள். "வரச் சொல்லுங்க. எழுதினதை மூஞ்சிக்கு நேரா சொல்லவும் எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவமனை கேன்டீனில் மூவரும் உட்கார்ந்தார்கள். துப்பறிவாளர் இருவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் சொன்னபடியே செய்தாள். கொலையாளி எந்த வரியில் மாட்டிக்கொண்டான் என்று காட்டினாள். வாட்ச்மேன் எதற்காகக் கதைக்குள் வந்தான், எங்கே போனான் என்று கேட்டாள். டீ ஆறிப் போனதுகூடத் தெரியாமல் பதினைந்து நிமிடம் பேசினாள். மெக்கானிக்கின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"அந்த மனைவி அழுதிருக்கணும்கிறீங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"அழணும்னு நான் சொல்லலையே. அழலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அதை உங்க துப்பறிவாளன் கேட்டிருந்தா கதையே வேற மாதிரிப் போயிருக்கும்."

மெக்கானிக் சட்டென்று குனிந்து காலடியிலிருந்த பைக்குள் கைவிட்டார். துப்பறிவாளர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது. "கோவப்படாதீங்க சார். நாப்பது பேர் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க. நான் ஒருத்தி சொன்னது எந்த மூலைக்கு?"

பையிலிருந்து வெளியே வந்தது கையெழுத்தில் எழுதிய ஒரு தடித்த காகிதக் கட்டு. அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்த நாப்பதையும் எழுதினது நான்தாம்மா" என்றார் மெக்கானிக். "புத்தகத்தைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான். அடுத்ததை அச்சுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."