அழிக்க மறந்த வரிகள்

இதனை எனக்கு முதலில் சொன்னவள், பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கும் என் அண்ணன் மகள். அன்று காலை அவள் பணிக்கு வந்தபோது, வரவேற்பு மேசைக்காரி தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது எந்த நொடியும் வெடித்துவிடும் என்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“போச்சுடி. என் மானம் கப்பலேறிப் போச்சு.”

வரவேற்பு மேசைக்காரிக்கு ஊதியமில்லாத இன்னொரு பணியும் உண்டு. இணையத்தில் தத்தம் சொந்தத் தளங்களில் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுள் நால்வரைப் பொறுக்கி, ‘இந்த வாரம் படிக்க’ என்று வாரந்தோறும் மின்னஞ்சல் அனுப்புவாள். எழுதுகிறவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோருக்கு அது போய்ச் சேரும். ஒவ்வொரு பரிந்துரையின் கீழும், தன் நினைவுக்காக, மனத்தில் உள்ளபடி ஒரு வரி குறித்து வைப்பாள். அனுப்புமுன் அவ்வரிகளை அழித்துவிடுவது வழக்கம்.

“பஸ்ல உக்காந்து அனுப்பினேன். இறங்கற இடம் வந்துடுச்சு. அவசரத்துல அழிக்காமயே தட்டிட்டேன்.”

“அய்யய்யோ! திருப்பி வாங்க முடியாதா?”

“நம்ம டாக்டர் பிடுங்கின பல்லைத் திருப்பி நடுவாரா?”

அண்ணன் மகள் கைப்பேசியை நிமிர்த்திப் படித்தாள்.

பயணக் கட்டுரை எழுதுபவருக்கு மேலே, ‘நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் நடை.’ கீழே, ‘ஊரைப் பற்றி மூன்று வரி, மீதியெல்லாம் தன்னைப் பற்றி.’

தோட்டம் பற்றி எழுதும் அம்மையாருக்குக் கீழே, ‘செடியைவிட வாய் வளர்ந்திருக்கிறது.’

கவிஞருக்குக் கீழே, ‘வாக்கியத்தை ஒடித்துப் போட்டால் கவிதையா?’

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதடி. கடைசி ஆளைப் பாரு. எனக்குப் பயமே அவரை நெனைச்சுத்தான்.”

கடைசி ஆள், லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலாளி, சிறுகதை எழுதுகிறவர். மேலே, ‘நெஞ்சை உருக்கும் கதை. தவறவிடாதீர்கள்.’ கீழே, ‘இன்னும் படிக்கவில்லை. பாவம், வாராவாரம் கேட்கிறார். சேர்த்துவிடு.’

“எல்லாரும் ஒப்புக்குத்தான் பாராட்டறாங்க, எழுதறதையே விட்டுடலாமான்னு இருக்குன்னு போன வாரம்தான் அந்த மனுஷர் சொன்னாரு. இதைப் பாத்தா விட்டே விடுவாரு. அந்தப் பாவம் என் தலையிலதான்.”

“பாத்திருக்க மாட்டாருக்கா.”

“அவர்தான்டி முதல் ஆளாப் பாப்பாரு!”

“அடுத்தவங்களை அனுப்புங்க” என்று உள்ளிருந்து மருத்துவர் குரல் கொடுத்தார். மேசைக்காரி, வெகுநேரமாகக் காத்திருந்த கன்னம் வீங்கிய பெரியவரை விட்டுவிட்டு, அப்போதுதான் வந்த வேறொருவரை அனுப்பிவைத்தாள். வாயைத் திறந்து திட்டவும் வழியின்றிப் பெரியவர் கையை மட்டும் ஆட்டினார்.

கைப்பேசி அதிர்ந்தது. மீண்டும் அதிர்ந்தது.

“நீயே படிடி.”

பயணக்காரர் எழுதியிருந்தார்: ‘தங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி. கண்கள் பனித்தன.’

“பனிச்சுதா? நான் எழுதினதுக்கா?”

தோட்டத்து அம்மையார் எழுதியிருந்தார்: ‘ஒவ்வொரு வரியையும் ரசித்துப் படித்தேன். என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர் நீங்கள்தான்.’

கவிஞரோ ஒரு படி மேலே போய், அவள் எழுதியதை அப்படியே எடுத்துத் தம் தளத்தின் முகப்பில் ஒட்டியிருந்தார். மேல்வரியும் கீழ்வரியும் சேர்ந்தே அங்கே இருந்தன. அதற்கு நண்பர்களின் வாழ்த்துகள் வேறு குவிந்துகொண்டிருந்தன.

“ஒருத்தர்கூடப் படிக்கலையாடி?”

“நல்லதாப் போச்சுன்னு விடுங்கக்கா. தலை தப்பிச்சுது.”

அச்சம் எழுந்துபோன இடத்தில் சினம் வந்து அமர்ந்தது.

“எப்படி விடறது? தன்னைப் பத்தி எழுதின ரெண்டு வரியைக்கூடப் படிக்காம, ரசிச்சேன், அழுதேன்னு கூசாம எழுதறாங்களே! இந்த ஜனங்களுக்கா நான் வாராவாரம் மெனக்கெடறேன்? படிக்காம பாராட்டறவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அடுத்த வாரம் கிடையாது. கடையைச் சாத்தறேன்.”

அப்போது கைப்பேசி மணியடித்தது. லிஃப்ட்காரர்.

அவள் முகம் மறுபடி வெளுத்தது.

“எடுங்கக்கா. இவரும் நன்றி சொல்லத்தான் கூப்பிடுவாரு.”

அழைப்பை ஏற்றதும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் முழங்கியது.

“மேடம், லிஃப்ட் குழிக்குள்ள நிக்கறேன், சத்தமாத்தான் கேக்கும். மெயிலைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.”

அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“கீழ... கீழ இருக்கறதையுமா?”

“அதைத்தான் மேடம். முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. இதோட பேனாவை மூடிடலாம்னுகூட நெனைச்சேன். அப்புறம் என்னமோ தோணி என் தளத்தைத் திறந்து பாத்தா, தலைப்பு மட்டும்தான் இருக்கு. கதையை ஏத்தவே மறந்திருக்கேன்.”

“ஐயோ, நான் வந்து...”

“இருங்க மேடம். அந்த வெறும் பக்கத்துக்குக் கீழ, அருமை, அற்புதம், படிச்சு முடிச்சு அழுதுட்டேன்னு ஏகப்பட்ட பேர் எழுதி வச்சிருக்காங்க. மேல நீங்க எழுதினதுகூட அந்த ரகம்தான். அது கிடக்கட்டும். நான் எழுதறதை விடப் போறதில்லை மேடம். படிக்கலைன்னு உண்மையைச் சொல்ல, நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே!”